டி குவெர்வேன் நோய்: அறுவையற்ற சிகிச்சை

டி குவெர்வேன் நோய் என்பது கட்டைவிரலை அசைக்கும் இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டின் ஓரத்தில் கடந்து செல்லும் இடத்தில், அவற்றைச் சூழ்ந்துள்ள உறை தடித்து, தசைநாண்களின் நகர்வு தடைபடுவதால் வலி உண்டாகும் நிலை ஆகும். மருத்துவத்தில் இது டி குவெர்வேன் தசைநாண் உறை அழற்சி எனப்படுகிறது. மணிக்கட்டின் கட்டைவிரல் பக்கத்தில் வலியும் வீக்கமும் காணப்படும். பாத்திரத்தைத் தூக்குதல், ஈரத் துணியைப் பிழிதல், குழந்தையை எடுத்தல், சாவியைத் திருகுதல் போன்ற அன்றாடச் செயல்களே கடினமாகிவிடும்.

பெரும்பாலானோருக்கு இந்நோய் அறுவை சிகிச்சை இல்லாமலேயே குணமாகிறது. வலியைத் தூண்டும் கையசைவுகளை மாற்றுதல், கட்டைவிரலுக்கு ஓய்வு தரும் ஸ்பிளிண்ட் அணிதல், வலி மருந்துகள், தசைநாண் உறைக்குள் போடப்படும் ஸ்டீராய்டு ஊசி, படிப்படியான பயிற்சிகள் ஆகியவை இதற்கான அறுவையற்ற சிகிச்சை முறைகளாகும். இவை தரும் பலன் ஒரே அளவினதல்ல. எனவே எந்த நிலையில் எதைத் தேர்வது என்பது முக்கியமானதாகும்.

பெயரும் வரலாறும்

சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஃபிரிட்ஸ் டி குவெர்வேன் (1868–1940) 1895ஆம் ஆண்டில் இத்தகைய வலி கொண்ட 5 நோயாளிகளைப் பற்றி எழுதினார். அதனால் இந்நோய் அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. தைராய்டு சுரப்பியில் ஏற்படும் ஒரு வகை அழற்சிக்கும் இவர் பெயரே வழங்குவதால், மருத்துவ அறிக்கைகளில் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இவருக்கு முன்பே இந்த வலி அறியப்பட்டிருந்தது. 1893ஆம் ஆண்டில் வெளிவந்த கிரேயின் உடற்கூற்றியல் நூற்பதிப்பு இதனைச் சலவைத் தொழில் செய்யும் பெண்களுக்கு வரும் சுளுக்கு என்று குறிப்பிட்டது. துணி பிழியும்போது கட்டைவிரல் இறுகப் பற்றியிருக்க, மணிக்கட்டு பக்கவாட்டில் திரும்புவதே அதற்குக் காரணம். இன்று தாயின் கட்டைவிரல், கைப்பேசிக் கட்டைவிரல் என்ற வழக்குப் பெயர்களும் உள்ளன. பெயர்கள் மாறினாலும் அவை சுட்டும் கையசைவு ஏறத்தாழ ஒன்றே.

மணிக்கட்டின் அமைப்பு

முன்கையில் உள்ள தசைகள் தசைநாண்கள் வழியாகவே விரல்களை இயக்குகின்றன. புறங்கைப் பக்கத்தில் இத்தசைநாண்கள் மணிக்கட்டைக் கடக்கும் இடத்தில் 6 தனித்தனி அறைகள் உள்ளன. எலும்பு அடித்தளமாகவும், குறுக்கே செல்லும் பட்டை போன்ற இழையம் கூரையாகவும் அமைந்து, ஒவ்வொரு அறையும் ஒரு சிறு சுரங்கம் போல் இருக்கும். கை எப்படி மடங்கினாலும் தசைநாண்கள் எலும்பை விட்டு விலகாமல் இருக்க இவ்வமைப்பு உதவுகிறது.

கட்டைவிரல் பக்கத்தில் ஆரை எலும்பின் முனை மீது அமைந்திருப்பது முதல் அறை. இதன் வழியாக இரண்டு தசைகளின் நாண்கள் செல்கின்றன. ஒன்று கட்டைவிரலைக் கையிலிருந்து விலக்கும் நெடுந்தசை. மற்றொன்று கட்டைவிரலை நீட்டும் குறுந்தசை. கட்டைவிரலை விரிக்கும்போது மட்டுமல்லாமல், ஒரு பொருளை இறுகப் பற்றும்போதும் கட்டைவிரலின் அடிமூட்டு நிலையாக நிற்க இவை வேலை செய்கின்றன. கட்டைவிரல் ஒரு பொருளைப் பிடித்திருக்க, மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கம் சாயும்போது இந்நாண்கள் எலும்பு முனையின் மீது வளைந்து இழுபடுகின்றன.

சிலருக்கு இந்த அறைக்குள் ஒரு தடுப்புச் சுவர் இருந்து, இரண்டு நாண்களும் தனித்தனியாகச் செல்லும். பிறவியிலேயே அமையும் இந்த வேறுபாடு நோயல்ல. ஆனால் ஊசி மருந்து ஓர் அறைக்குள் மட்டும் சென்று மற்றதை எட்டாமல் போவதற்கு இது காரணமாகலாம்.

நோய் உண்டாகும் விதம்

பெயரில் அழற்சி என்று இருந்தாலும், அறுவை சிகிச்சையின்போது எடுக்கப்பட்ட உறைகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது அழற்சிக்குரிய செல்கள் அதிகம் காணப்படவில்லை. உறையின் இழையங்கள் சிதைந்து, வழவழப்பான பொருள் சேர்ந்து, உறை இயல்பைவிடப் பல மடங்கு தடித்திருப்பதே முதன்மையாகக் காணப்பட்டது. சுரங்கத்தின் சுவர் தடிக்கும்போது உள்ளே இடம் குறைகிறது. நாண்கள் ஒவ்வொரு முறை நகரும்போதும் உராய்ந்து வலி உண்டாகிறது.

இதனால் சிகிச்சையில் இரண்டு விளைவுகள் தெரிகின்றன. முதலாவது, தடித்த இழையம் இயல்பு நிலைக்குத் திரும்ப வாரங்கள் ஆகும். இரண்டு நாள் ஓய்வில் வலி குறைந்தாலும் பழைய வேலையைத் தொடங்கியதும் அது திரும்பலாம். இரண்டாவது, அழற்சியைத் தணிக்கும் மாத்திரைகள் வலியைக் குறைத்தாலும் நோயின் மூலத்தை மாற்றுவது குறைவு.

யாருக்கு ஏற்படுகிறது

ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்நோய் மிகுதியாக வருகிறது. 30 முதல் 50 வயதுக்குட்பட்டோரிடம் அதிகமாகக் காணப்படுகிறது. பின்வருவோருக்கு வாய்ப்பு கூடுதல்:

- கர்ப்பத்தின் பிற்பகுதியில் உள்ள பெண்கள், குழந்தை பெற்ற தாய்மார்கள்
- குழந்தையை அடிக்கடி தூக்கும் தந்தை, தாத்தா, பாட்டி, குழந்தைக் காப்பாளர்கள்
- துணி பிழிதல், தேங்காய் துருவுதல், கனமான வாணலியை ஒரு கையால் தூக்குதல் போன்ற வேலைகளை நாள்தோறும் செய்பவர்கள்
- கத்தரிக்கோல், திருப்புளி, சுத்தியல் ஆகியவற்றை நெடுநேரம் பயன்படுத்தும் தொழிலாளர்கள்
- கட்டைவிரலால் கைப்பேசியில் நெடுநேரம் தட்டச்சு செய்பவர்கள்
- முடக்குவாதம் உள்ளவர்கள்

தாய்மார்களுக்கு இது வருவதற்குக் குழந்தையைத் தூக்கும் வேலை மட்டுமே காரணமல்ல. கர்ப்பம், பாலூட்டல் ஆகிய காலங்களில் ஏற்படும் ஹார்மோன் மாற்றங்களும் உடலில் நீர் தங்குவதும் பங்கு வகிப்பதாகக் கருதப்படுகிறது. எந்தக் குறிப்பிட்ட வேலையும் செய்யாமலே இந்நோய் வருவதும் உண்டு.

அறிகுறிகள்

மணிக்கட்டின் கட்டைவிரல் பக்கத்தில், ஆரை எலும்பு மேடிட்டிருக்கும் இடத்தில் வலி இருக்கும். அழுத்தினால் வலி கூடும். வலி கட்டைவிரலை நோக்கியோ முன்கையை நோக்கியோ பரவலாம். அவ்விடத்தில் சிறு வீக்கம் தெரியலாம். கட்டைவிரலை அசைக்கும்போது நெருடுவது போலவோ சிக்கிக்கொள்வது போலவோ தோன்றலாம். பொருளைப் பற்றும்போது திடீரென வலித்துக் கை நழுவுவது பலருக்கும் முதல் அறிகுறியாக அமைகிறது.

நோயைக் கண்டறிதல்

மருத்துவர் கையைச் சோதித்தே பெரும்பாலும் இந்நோயைக் கண்டறிந்துவிடுவார். அமெரிக்க மருத்துவர் ஹாரி ஃபிங்கெல்ஸ்டீன் 1930இல் விவரித்த சோதனை பரவலாகப் பயன்படுகிறது. இதில் மருத்துவர் நோயாளியின் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு கையைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ப்பார். எலும்பு முனையில் கடும் வலி எழுந்தால் நோய் இருக்க வாய்ப்பு அதிகம். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் வைத்து மற்ற விரல்களால் மூடி, கையைக் கீழே சாய்க்கும் முறை ஐக்கோஃப் சோதனை எனப்படும். இரண்டும் ஒன்றெனவே பலரும் கருதுகின்றனர். ஐக்கோஃப் சோதனை நோயற்ற கைகளிலும் ஓரளவு வலியை உண்டாக்கும் என்பதால், வீட்டில் செய்து பார்த்துத் தாமே முடிவுக்கு வருவது சரியாகாது.

இதே பகுதியில் வலி தரும் வேறு நிலைகளும் உள்ளன:

- கட்டைவிரல் அடிமூட்டுத் தேய்மானம்: வலி எலும்பு முனையில் இல்லாமல், கட்டைவிரல் கையோடு சேரும் மூட்டில் இருக்கும். நடுத்தர வயதைக் கடந்தவர்களிடம் அதிகம்.
- படகெலும்பு முறிவு: கையை ஊன்றி விழுந்த பின் வரும் வலி. முதல் எக்ஸ்ரே படத்தில் முறிவு தெரியாமலும் போகலாம். கவனிக்காமல் விட்டால் எலும்பு கூடாமல் போகக்கூடும்.
- நாண்கள் குறுக்கிடும் இடத்தில் வரும் அழற்சி: வலி மணிக்கட்டுக்குச் சில செ.மீ. மேலே முன்கையில் இருக்கும்.
- தோல் நரம்பு அழுத்தம்: எரிச்சலும் மரத்துப்போதலும் முதன்மையாக இருக்கும். இறுக்கமான கைக்கடிகாரமோ வளையலோ காரணமாக இருக்கலாம்.

டி குவெர்வேன் நோயைக் காண எக்ஸ்ரே தேவையில்லை. மேற்கண்ட எலும்பு, மூட்டுக் கோளாறுகள் இல்லை என உறுதி செய்யவே அது எடுக்கப்படுகிறது. அல்ட்ராசவுண்ட் சோதனையில் உறையின் தடிப்பையும் உள்ளே தடுப்புச் சுவர் இருப்பதையும் காணலாம்.

கையசைவுகளை மாற்றுதல்

எந்தச் சிகிச்சையைத் தேர்ந்தாலும் இது உடன் சேர வேண்டும். கையை முழுமையாகப் பயன்படுத்தாமல் இருப்பது பெரும்பாலோருக்கு இயலாத செயல், தேவையும் இல்லை. கட்டைவிரல் விரிந்தோ இறுகப் பற்றியோ இருக்கும்போது மணிக்கட்டு பக்கவாட்டில் சாயும் அசைவை மட்டும் தவிர்த்தால் போதுமானது.

குழந்தையைத் தூக்குதல்: அக்குளுக்குக் கீழ் இரு கைகளையும் கொடுத்து, கட்டைவிரலை விரித்துத் தூக்கும் முறையே நாண்களை அதிகம் இழுக்கிறது. மாறாக ஒரு கையைக் குழந்தையின் பிட்டத்தின் கீழும், மற்றதைக் கழுத்துக்கும் முதுகுக்கும் கீழும் கொடுத்து, உள்ளங்கை மேல்நோக்கி இருக்க, கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்து வைத்து, முன்கையின் பலத்தில் தூக்க வேண்டும். குழந்தையை உடலோடு சேர்த்து அணைத்தபின் எழுவது நல்லது.

பாலூட்டுதல்: குழந்தையின் தலையை மணிக்கட்டை மடக்கித் தாங்காமல், தலையணைகளை அடுக்கி அதன் மீது முன்கையை வைத்துத் தாங்கலாம்.

வீட்டு வேலை: ஈரத் துணியை முறுக்கிப் பிழிவதற்குப் பதில், தண்ணீர் வடியும்படி தொங்கவிடலாம் அல்லது இரு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து அழுத்தலாம். கனமான பாத்திரங்களை இரு கைகளாலும் தூக்க வேண்டும். மெல்லிய கைப்பிடி உள்ள கத்தி, கரண்டிகளில் துணியைச் சுற்றித் தடிமனாக்கினால் இறுகப் பற்றும் தேவை குறையும்.

கைப்பேசி: மேசை மீது வைத்து ஆட்காட்டி விரலால் தட்டலாம். நீண்ட செய்திகளைக் குரல் வழியாக உள்ளிடலாம்.

வீட்டில் உள்ள மற்றவர்கள் சில வாரங்களுக்கு இவ்வேலைகளைப் பகிர்ந்துகொள்வதும் சிகிச்சையின் ஒரு பகுதியே ஆகும். ஓய்வெடுக்கும்படி சொல்லப்பட்டும், வேலையைச் செய்ய வேறு ஆள் இல்லாததால் நோய் நீடிப்பது வழக்கமாகக் காணப்படுகிறது.

ஸ்பிளிண்ட்

ஸ்பிளிண்ட் என்பது உறுப்பை அசையாமல் தாங்கிப் பிடிக்கும் கவசம். இந்நோய்க்கு முன்கையில் தொடங்கி மணிக்கட்டையும் கட்டைவிரலின் கீழ்ப்பகுதியையும் தாங்கும் வகை பயன்படுகிறது. கட்டைவிரலின் நுனி மூட்டு வெளியே இருந்து மடங்கலாம். மருந்துக் கடைகளில் சாதாரண மணிக்கட்டுப் பட்டை என்று விற்கப்படுவது கட்டைவிரலைத் தாங்காது. எனவே இந்நோய்க்கு அது போதாது. வாங்கும்போது கட்டைவிரலுக்குள் செல்லும் கம்பியோ தகடோ உள்ளதா எனப் பார்க்க வேண்டும்.

பொதுவாக 3 முதல் 6 வாரங்கள் அணியும்படி பரிந்துரைக்கப்படுகிறது. இரவும் பகலும் அணிவதற்கும், வலி தரும் வேலையின்போது மட்டும் அணிவதற்கும் இடையே பலனில் பெரிய வேறுபாடு இல்லை என ஓர் ஆய்வு காட்டியது. எனவே நாள் முழுவதும் அணிய இயலாதவர்கள் தேவையான நேரங்களில் அணியலாம். நாளில் சில முறை கழற்றி, வலிக்காத அளவுக்கு விரல்களை மெதுவாக அசைத்தால் மூட்டு இறுகாது. மரத்துப்போதல், விரல் நிறம் மாறுதல், தோல் புண் ஆகியவை தோன்றினால் ஸ்பிளிண்டைத் தளர்த்த வேண்டும்.

குளிர் ஒத்தடமும் வலி மருந்துகளும்

பனிக்கட்டியைத் துணியில் சுற்றி 10 முதல் 15 நிமிடங்கள், நாளுக்கு இரண்டு மூன்று முறை வைக்கலாம். பனிக்கட்டியை நேரடியாகத் தோலில் வைக்கக் கூடாது.

ஐபுபுரூஃபன், நாப்ராக்ஸன், டைக்ளோஃபெனாக் போன்ற மருந்துகள் தற்காலிக வலித்தணிவு தரும். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் மருத்துவர் ஆலோசனையின்றி இவற்றை உட்கொள்ளக் கூடாது. மேலே பூசும் டைக்ளோஃபெனாக் களிம்பில் மருந்து இரத்தத்தில் கலப்பது குறைவு. வாரக்கணக்கில் மாத்திரையை மட்டுமே நம்பியிருந்து, வலி மறைந்திருக்கும் நேரத்தில் கையை வழக்கம் போல் பயன்படுத்துவது நோயை நீட்டிக்கும்.

ஸ்டீராய்டு ஊசி

அறுவையற்ற முறைகளில் மிகுந்த பலன் தருவது இதுவே. மெதில்பிரெட்னிசோலோன் அல்லது டிரையம்சினோலோன் மருந்து, பெரும்பாலும் மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயினுடன் சேர்த்து, தசைநாணுக்குள் அல்லாமல் அதன் உறைக்குள் செலுத்தப்படுகிறது. 2003இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, முந்தைய ஆய்வுகளில் இடம்பெற்ற 459 மணிக்கட்டுகளின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. ஊசி மட்டும் பெற்றவர்களில் 83% பேருக்கும், ஸ்பிளிண்ட் மட்டும் அணிந்தவர்களில் 14% பேருக்கும் நோய் நீங்கியதாக அது கூறியது. அவ்வாய்வுகள் பலவும் சிறியவை. ஒரே தரத்தில் நடத்தப்பட்டவையும் அல்ல. ஆயினும் ஊசியின் பலன் அதிகம் என்பதில் மருத்துவர்களிடையே பரவலான உடன்பாடு உள்ளது.

ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டே பலரும் அஞ்சுகின்றனர். மாதக்கணக்கில் மாத்திரையாக உட்கொள்ளும்போது வரும் உடல் பருமன், எலும்புத் தேய்வு போன்ற விளைவுகள் ஓரிடத்தில் ஓரிரு முறை போடப்படும் ஊசியால் பொதுவாக வருவதில்லை. எனினும் சில விளைவுகளை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது:

- முதல் ஓரிரு நாள்களில் வலி கூடலாம், பின் தணியும்.
- ஊசி போட்ட இடத்தில் தோல் வெளுக்கலாம். தோலடிக் கொழுப்பு கரைந்து குழி விழலாம். கருநிறத் தோலில் வெளுப்பு தெளிவாகத் தெரியும். பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகும், சிலருக்கு நிலைத்துவிடும்.
- நீரிழிவு நோயாளிகளுக்குச் சில நாள்கள் சர்க்கரை அளவு உயரும். அந்நாள்களில் கூடுதலாகச் சோதிக்க வேண்டும்.
- கிருமித்தொற்று, தசைநாண் அறுதல் ஆகியவை அரிது.

வலி சில நாள்களிலிருந்து இரண்டு வாரங்களுக்குள் குறையத் தொடங்கும். குறையாவிட்டால் சில வார இடைவெளியில் இரண்டாவது ஊசி போடப்படலாம். முதல் ஊசி பலன் தராதபோது, அறைக்குள் தடுப்புச் சுவர் இருக்கலாம் என்பதால், அல்ட்ராசவுண்ட் துணையுடன் இரண்டாவதைப் போடுவது உதவும். ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் ஊசி போடுவது தவிர்க்கப்படுகிறது.

பயிற்சிகள்

கடும் வலி இருக்கும்போது பயிற்சி கூடாது. வலி தணிந்த பின், இயன்முறை மருத்துவரின் வழிகாட்டலில் தொடங்கலாம். முதல் கட்டத்தில் அசைவுப் பயிற்சிகள்:

- கட்டைவிரல் நுனியால் மற்ற நான்கு விரல்களின் நுனியையும் ஒவ்வொன்றாகத் தொடுதல்
- மேசை விளிம்பில் முன்கையை வைத்து, மணிக்கட்டை மெதுவாக மேலும் கீழும் அசைத்தல்
- கட்டைவிரலை மெதுவாக விரித்து 5 நொடிகள் நிறுத்தி மீளுதல்

இவற்றை 10 முறை வீதம், நாளுக்கு இரு வேளை செய்யலாம். சில நாள்கள் வலியின்றிச் செய்ய முடிந்தபின் வலுவூட்டும் பயிற்சிகள் சேர்க்கப்படும். விரல்களைச் சுற்றி ரப்பர் வளையம் மாட்டி விரித்தல், சிறு தண்ணீர் பாட்டிலைப் பிடித்து மணிக்கட்டைக் கட்டைவிரல் பக்கம் உயர்த்தி மிக மெதுவாக இறக்குதல் ஆகியவை இவ்வகையின. பயிற்சியின்போது இலேசான இழுப்பு இருக்கலாம். அடுத்த நாள் வரை நீடிக்கும் வலி வந்தால் ஒரு படி பின்செல்ல வேண்டும்.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும்

கர்ப்பத்தின் 20ஆவது வாரத்திற்குப் பிறகு ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகளை மருத்துவர் கூறாமல் எடுக்கக் கூடாது. அவை கருவிலுள்ள குழந்தையின் சிறுநீரகத்தையும் இதயத்தையும் பாதிக்கலாம். பாராசிட்டமாலையும் மருத்துவரைக் கேட்டே எடுக்க வேண்டும். பாலூட்டும் காலத்தில் பாராசிட்டமாலும் ஐபுபுரூஃபனும் பொதுவாகப் பாதுகாப்பானவை.

ஸ்டீராய்டு ஊசிக்காகப் பாலூட்டுவதை நிறுத்த வேண்டிய தேவை பொதுவாக இல்லை. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களுமாக 18 பெண்கள் பங்கேற்ற, 2002இல் வெளியான ஓர் ஆய்வில், ஊசி பெற்ற அனைவருக்கும் வலி நீங்கியது; ஸ்பிளிண்ட் மட்டும் அணிந்தவர்களுக்குப் போதிய நிவாரணம் கிடைக்கவில்லை. பாலூட்டல் முடிந்தபின் நோய் தானாகவே தணிந்ததையும் அவ்வாய்வு குறிப்பிட்டது. ஆனால் அதற்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம் என்பதால், அதுவரை வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதில்லை.

தவிர்க்க வேண்டியவை

சுளுக்கு எனக் கருதிக் கட்டைவிரலைச் சொடுக்குவதும், மணிக்கட்டை இழுத்து அழுத்தி நீவுவதும் ஏற்கெனவே உராய்ந்துள்ள உறையை மேலும் உறுத்தும். இறுகக் கட்டுப் போடுவது நரம்பை அழுத்தும். வலி குறைந்த முதல் நாளிலேயே எல்லா வேலைகளையும் மீண்டும் தொடங்குவதும் நோய் திரும்பக் காரணமாகிறது.

மருத்துவரை நாட வேண்டிய நிலைகள்

கையசைவை மாற்றி, ஸ்பிளிண்ட் அணிந்தும் 3 அல்லது 4 வாரங்களில் முன்னேற்றம் இல்லையெனில் எலும்பியல் மருத்துவரையோ கை அறுவை மருத்துவரையோ அணுக வேண்டும். பின்வரும் நிலைகளில் காத்திருக்கக் கூடாது:

- கீழே விழுந்தபின் தொடங்கிய வலி
- சிவந்து, சூடாகி, காய்ச்சலுடன் கூடிய வீக்கம்
- மரத்துப்போதல் அல்லது கட்டைவிரலை அசைக்க இயலாமை
- இரு கைகளிலும் பல மூட்டுகளில் வீக்கமும், காலையில் நெடுநேரம் நீடிக்கும் இறுக்கமும்

அறுவை சிகிச்சை தேவைப்படும்போது

இரண்டு ஊசிகளுக்குப் பின்னும், பல மாதச் சிகிச்சைக்குப் பின்னும் வலி நீடித்தால் அறுவை சிகிச்சை பரிந்துரைக்கப்படும். அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, சுரங்கத்தின் கூரையைத் திறந்து நாண்களுக்கு இடம் தரும் சிறிய அறுவை இது. பெரும்பாலோர் அன்றே வீடு திரும்பலாம். பலன் நன்றாக இருந்தாலும், அருகில் செல்லும் தோல் நரம்பு காயமடைந்தால் மரத்துப்போதலோ நீடித்த எரிச்சலோ வரலாம். அதனாலேயே அறுவையற்ற முறைகளை உரிய காலம் முயன்ற பின்னர் இது மேற்கொள்ளப்படுகிறது.